கட்டெறும்பின் இரண்டாம் ஓட்டம்

அத்தியாயம் 9

‘அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். இது பொம்மை அல்ல.’

ரிமோட் கார் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த இந்தச் சீட்டை லிஃப்ட்காரர் பதமாக உரித்தெடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டி ஒரு வருஷம் ஆகிறது. காருக்காக ஒட்டினாரா, உள்ளே நடக்கும் சமையலுக்காக ஒட்டினாரா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. விளக்கினால் அன்றைக்குச் சமையல் தன் தலையில் விழும் என்று அவரும் விளக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் கதவுக்கு உள்ளே, சாப்பாட்டு மேஜையில், அண்ணி ஒரு டயரை விரல் நுனியில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அண்ணிக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்பினால் அதற்குப் பல் செட்டும் கேப்பும் செய்வது அவள் கை. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய தங்கை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள், வயது நாற்பத்தொன்று. நாற்பது டன் பெட்டியைத் தூக்கிப் பூப்போல இறக்கி வைக்கிறவளுக்கு வீட்டில் இன்னமும் பெயர் பாப்பா. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரிமோட் கார். முக்கால் மீட்டர் நீளம், தரையோடு தரையாகக் கிடக்கும், கறுப்பு நிறம். பெயர் கட்டெறும்பு. அதைக் கட்டுவது அண்ணி, ஓட்டுவது பாப்பா, அது நிற்குமா என்று கவலைப்படுவது லிஃப்ட்காரர்.

போன ஞாயிறு பயிற்சியில் கட்டெறும்பு மணிக்கு இருநூற்று இருபத்தொன்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது. திரும்பி வரும்போது ஓரமாக ஒதுங்கி, புல்லுக்குள் புகுந்து, ஐந்து குட்டிக்கரணம் அடித்துவிட்டு மல்லாந்து படுத்தது. காற்று தள்ளிவிட்டது என்றாள் பாப்பா. அண்ணி ஒரு வாரம் உட்கார்ந்து அதற்கு எலும்பு வைத்தியம் பார்த்தாள். இன்றைக்குப் போட்டி.

“டயரெல்லாம் சரியா இருக்கா அண்ணி?” பாப்பா காபியோடு வந்து நின்றாள்.

“நாலும் ஒரே எடை. ஒண்ணுக்கு மட்டும் கால் கிராம் கொழுப்பு ஜாஸ்தியா இருந்துச்சு. சீவிட்டேன்.”

“உங்ககிட்ட பல்லு கட்டிக்கிறவங்க குடுத்து வெச்சவங்க.”

“அவங்க யாரும் இருநூறு கிலோமீட்டர் வேகத்துல மெல்றதில்ல. அதனால பொழச்சேன்.”

லிஃப்ட்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காரைக் குட்டி ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ரிமோட்டின் ட்ரிக்கரை லேசாக அழுத்தினார். சக்கரங்கள் சீறின. சட்டென்று ரிமோட்டை அணைத்தார். சக்கரங்கள் அதே நொடியில் கவ்விப் பிடித்தாற்போல நின்றன. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். ஆறு தடவை.

“போதும்ங்க, அதுக்குத் தலை சுத்தப் போகுது” என்றாள் அண்ணி.

“சிக்னல் அறுந்தா தானா நிக்கணும். லிஃப்ட் மேல போச்சுன்னு யாரும் எனக்குப் போன் பண்ணதில்ல. நிக்கலைன்னாதான் போன் வரும்.” அவர் எழுந்து பெட்டியில் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார். காற்று அளக்கும் கருவி கையில் வந்ததும் ஒரு கணம் அதைப் பார்த்தார். “ஆமா பாப்பா, போன வாரம் இதுல மூணு கிலோமீட்டர் காத்துகூடக் காட்டலயே. எந்தக் காத்து தள்ளுச்சு?”

“திடீர்னு ஒண்ணு அடிச்சுது அண்ணா.”

“எனக்கு அடிக்கலயே.”

“உங்களைத் தள்ளணும்னா புயல் வரணும்” என்று பாப்பா தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அண்ணி சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரமாகவே அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. காற்று இல்லை என்றால் கோளாறு காரில் இருக்க வேண்டும். காரில் என்றால் அது தன் கைவேலையில். டயரை ரிம்மோடு ஒட்டிய பசை எங்கேயாவது மயிரிழை விட்டிருந்ததா, முன்பக்கக் கம்பி அரைச் சுற்று தளர்ந்திருந்ததா? இதை அவள் வெளியில் சொல்லவில்லை.

போட்டி நடக்கும் இடம் கைவிடப்பட்ட ஒரு சின்ன விமான ஓடுபாதை. இருபுறமும் புல், நடுவே எழுநூறு மீட்டர் நேரான கான்கிரீட். எட்டு மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகத் துடைப்பத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். இந்த வேகத்தில் ஒரு பொடிக் கல் போதும், காரைத் தூக்கி வானத்தில் எறிந்துவிடும். வங்கி மேலாளரும் தச்சரும் இதய டாக்டரும் தோளோடு தோள் நின்று பெருக்குகிற இடம் ஊரில் அது ஒன்றுதான்.

விதி எளிமையானது. ஓட்டுகிறவர் பாதையின் நீளத்துக்கு நடுவில், புல் ஓரமாக நிற்பார். கார் வலது முனையிலிருந்து இடது முனைக்குப் போக வேண்டும். அரை மணிக்குள் அங்கிருந்து வலது முனைக்குத் திரும்ப வேண்டும். காருக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். இரண்டு வேகத்தையும் குறித்துக்கொள்ளும். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாய்ப்பு. குழுவில் பெயர் கொடுத்த யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ரிமோட் கார் சங்கத்தின் சாதனை இருநூற்று முப்பத்து நாலு. மூன்று வருஷமாக அது கண்ணாடிக்கடைக்காரர் கையில் இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒல்லியான மனிதர், வெள்ளி நிறக் கார், அதிகம் பேச மாட்டார். சிறிய கார்களெல்லாம் ஓடி முடிந்து பெரிய கார்களின் முறை வர மதியம் ஆகிவிட்டது; அதில் அவர் முதலில் ஓட்டி இருநூற்று முப்பத்து மூன்றோடு நின்றார். காரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“அடுத்தது கட்டெறும்பு” என்றாள் பதிவேடு எழுதும் பெண்மணி.

லிஃப்ட்காரர் ஆரஞ்சுக் கொடியோடு இடது முனைக்குப் போனார். பாதை காலியாக இருக்கிறது என்று கொடி உயர்த்துவது அவர் வேலை. அண்ணி காரை வலது முனையில் வைத்துவிட்டு நடுவுக்கு ஓடி வந்தாள். பாப்பா ரிமோட்டைப் பிடித்திருந்த விதத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. பதினெட்டு வருஷம் கிரேன் நெம்புகோல் பிடித்த கை அது.

ட்ரிக்கரை அவள் இழுக்கவில்லை. ஆரஞ்சுச் சுளையை நசுங்காமல் அழுத்துவது போல மெதுவாக அழுத்தினாள். கட்டெறும்பு புறப்பட்டது தெரிந்தது, அப்புறம் ஒலிதான் தெரிந்தது. காகிதத்தைக் கிழிப்பது போன்ற சத்தம் அவர்கள் முன்னால் கடந்து இடப்பக்கம் போய்த் தேய்ந்தது.

“இருநூத்தி முப்பத்தாறு” என்று இடது முனையிலிருந்து லிஃப்ட்காரர் வாக்கிடாக்கியில் சொன்னார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் படும் பாடு நடுவில் நின்றவர்களுக்குக் கேட்டது.

போகும்போது வலப்பக்கம் வேகம் ஏறும், இடப்பக்கம் குறையும். திரும்பும்போது நேர்மாறு. இடப்பக்கத்தில்தான் வேகம் ஏற வேண்டும். கட்டெறும்பு திரும்பப் புறப்பட்டது. நூறு மீட்டர் நேராக வந்தது. பிறகு, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல், மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கியது. போன வாரம் போலவே. கான்கிரீட் முடிந்து புல் தொடங்க ஒரு முழம்தான் இருந்தது. பாப்பா ட்ரிக்கரை விட்டுவிட்டாள். கார் வேகம் தணிந்து, அசடு வழிய அவர்கள் முன்னால் உருண்டு வந்து நின்றது.

“காத்து” என்றாள் பாப்பா.

அண்ணி பக்கத்துப் புல்லைப் பார்த்தாள். ஒரு நுனிகூட அசையவில்லை.

அவள் காரைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்து கவிழ்த்துப் போட்டாள். டயரை அழுத்தினாள், கம்பியை அசைத்தாள், சக்கரங்களின் நேரை அளந்தாள். எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தன. அளவுகோலை இரண்டாவது தடவை எடுத்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர்.

“கார்ல ஒண்ணும் இருக்காது மேடம்.”

“நீங்க பார்க்கவே இல்லயே.”

“நான் காரைப் பார்க்கல. உங்க நாத்தனாரைப் பார்த்தேன்.” அவர் குரலைத் தணித்தார். “வலப்பக்கம் கார் இருக்கும்போது கண்ணை மட்டும் திருப்பறாங்க. இடப்பக்கம் போனா கழுத்தையே திருப்பறாங்க, தோளோட சேர்த்து. வலது கண்ணைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வெச்சாத்தான் அவங்களுக்குத் தெரியுது. கடையில ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்க்கறேன். இதுல நான் தப்புப் பண்ண மாட்டேன்.”

அண்ணி அளவுகோலைக் கீழே வைத்தாள்.

“இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? உங்க சாதனையைத் தாண்டத்தானே வந்திருக்கோம்?”

“தாண்டினா சந்தோஷந்தான். அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடைக்கும். ஆனா அவங்க கிரேன் ஓட்டறவங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் சொல்லிடலாம்னு வந்தேன்.”

அவர் போய்விட்டார். அண்ணிக்கு முதலில் வந்தது நிம்மதி. காரில் கோளாறு இல்லை, தன் கையில் கோளாறு இல்லை. அந்த நிம்மதிக்கு ஆயுள் இரண்டு வினாடி. அதன் பின்னாலேயே ‘கிரேன்’ என்ற வார்த்தை வந்து நின்றது.

வேனுக்குப் பின்னால் பாப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, வலது கண்ணைப் பொத்திக்கோ.”

“எதுக்கு?”

“பொத்து.”

அண்ணி அப்படிப் பேசுவது அபூர்வம். பாப்பா உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“அதோ, அந்தப் பெண்மணி மேஜை மேல என்ன இருக்கு?”

பாப்பா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“மேஜை எங்க இருக்குன்னு தெரியுது” என்றாள்.

“எத்தனை நாளா?”

“நாலு மாசம் இருக்கும். முதல்ல கண்ணாடி அழுக்குன்னு நெனச்சேன். கிரேன் கூண்டுல இருக்கற கண்ணாடியைத் தொடச்சேன். அப்புறம் என் கண்ணைத் தொடச்சேன். சோப்புத் தண்ணி ஊத்தின மாதிரியே இருக்கு.”

“வேலையில வருஷா வருஷம் கண்ணு பார்ப்பாங்களே.”

“அந்த வாரம் லீவு போட்டேன். தேதி தள்ளி வெச்சிருக்காங்க.”

அண்ணி வேனின் படியில் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும்.

“ஒரு வாரமா என் கைதான் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீ பார்த்துட்டுத்தானே இருந்தே? காத்து, காத்துன்னு. அது போகட்டும். கார்ல யாரும் உக்காந்திருக்கல, விழுந்தா திரும்பக் கட்டிக்கலாம். அந்தப் பெட்டிக்குக் கீழ ஆளுங்க நிக்கறாங்க பாப்பா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஏறினே?”

“தெரிஞ்சுதான் பயந்துட்டு இருக்கேன் அண்ணி.” பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். “கூண்டுலேருந்து கீழ இறக்கிட்டா எனக்கு வேற என்ன தெரியும்? மேல ஏறிட்டா முப்பது மீட்டர் உசரத்துல நான் ஒருத்திதான். எல்லாம் என் கையில நிக்கும். கீழ வந்தா எல்லாரும் பாப்பாங்கறாங்க.”

அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூரத்தில் யாருடைய காரோ உறுமிவிட்டு அணைந்தது.

“கண்ணுல சோப்புத் தண்ணி மாதிரின்னா புரையா இருக்கும். எங்க லேப் டாக்டரோட அம்மாவுக்கு இருந்துச்சு. ஆபரேஷன் ஆகி மறு வாரம் ஊசியில நூல் கோத்தாங்க. ஆனா டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் நீ கூண்டுல ஏறக்கூடாது. இதுல பேச்சுக்கே இடமில்ல.”

“சரி” என்றாள் பாப்பா. நாலு மாசமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்தவள் குரல் அது. பிறகு கொஞ்சம் பழைய பாப்பாவாகி, “நாம இன்னொரு தடவை ஓடலாம். நீங்க ஓட்டுங்க” என்றாள்.

“நானா? நான் நூத்தம்பதுக்கு மேல போனதே இல்ல.”

“உங்க பேரும் குடுத்திருக்கு. கால் கிராம் கொழுப்பு விரல்ல தெரியுதுல்ல உங்களுக்கு? அந்த விரல் போதும். ஒண்ணு மட்டும் சொல்றேன். காரைப் பார்க்காதீங்க. கார் எங்க போகணுமோ அந்த இடத்தைப் பாருங்க. கை தானா கொண்டுபோகும்.”

பதிவேடு எழுதும் பெண்மணி பெயரை அடித்து எழுதிக்கொண்டாள். “ஓட்டுநர் மாற்றம், விதிப்படி சரி” என்றாள் முகத்தில் எதுவும் காட்டாமல். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வந்து, “காரை முனையில நான் கொண்டுபோய் வெக்கறேன்” என்றார். இடது முனையில் கொடியோடு நின்ற லிஃப்ட்காரருக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது.

“என்ன அங்க மாநாடு? பேட்டரி ஆறிடப் போகுது.”

“இந்தத் தடவை நான் ஓட்டறேங்க” என்றாள் அண்ணி.

இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது. “சரி. நிக்கறது முக்கியம். நேரா போகலைன்னு தோணிச்சுன்னா விட்டுடு. விட்டா அது நிக்கும், ஆறு தடவை பார்த்திருக்கேன்.”

அண்ணி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். பாப்பா அவளுக்குப் பக்கத்தில், தோளை உரசினாற்போல் நின்றாள். வலது முனையில் கண்ணாடிக்கடைக்காரர் காரை வைத்துவிட்டு விலகினார். இருவரும் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு நேராகத் திரும்பினார்கள்.

“இருங்க அண்ணி, அவசரப்படாதீங்க. அண்ணா இன்னும் கொடி காட்டல.”

அண்ணிக்கு நேராகப் பார்க்கும்போதே இடப்பக்கக் கண்ணோரத்தில் ஆரஞ்சு நிறம் அசைவது தெரிந்தது.

“காட்டிட்டாரே. இப்பவும் காட்டிட்டேதான் இருக்கார்.”

பாப்பா கழுத்தைத் தோளோடு திருப்பிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் கொடியைத் தலைக்கு மேல் இரு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். வயல் காக்கிறவர் மாதிரி, அத்தனை பெரிதாக.

பாப்பாவின் முகம் வெளுத்தது. “எவ்வளவு நேரமா?”

“நாம வந்து நின்னதிலேருந்து. ஏன்?”

“ஒண்ணுமில்ல. நீங்க ஓட்டுங்க.”

அண்ணி மூச்சை உள்ளே இழுத்து, பாதி விட்டாள். பல் கேப்பின் விளிம்பில் மெழுகு வைக்கும்போது அவள் செய்வது அதுதான். விரலை அழுத்தினாள்.

பாப்பா சொன்னபடி அவள் காரைப் பார்க்கவில்லை. கான்கிரீட்டின் நடுக்கோட்டைப் பார்த்தாள், அதிலும் காருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். கறுப்பு ஒன்று அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே வந்தது. விரலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கொடுத்தாள். சத்தம் முன்னால் கிழித்துக்கொண்டு போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக விரலை எடுத்தாள்.

“இருநூத்தி முப்பத்தி மூணு” என்றது வாக்கிடாக்கி. “நின்னுடுச்சு. அழகா நின்னுடுச்சு.”

முப்பத்து நாலைத் தாண்ட, திரும்பும்போது முப்பத்தாறாவது வேண்டும். லிஃப்ட்காரர் பேட்டரியை மாற்றினார், மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், ஆற விட்டார். அந்தப் பத்து நிமிஷமும் பாப்பா வலது கண்ணைப் பொத்துவதும் எடுப்பதுமாகக் கொடி இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள அப்போது நேரமும் இல்லை.

இப்போது இடப்பக்கத்திலிருந்து வேகம் எடுக்க வேண்டும். நூறு மீட்டரில் கார் சற்றே, ஒரு நூலளவு, தயங்கியது அண்ணியின் விரலுக்குத் தெரிந்தது. பாதையில் கான்கிரீட் பலகைகள் சேரும் இடம். பாப்பாவுக்கும் இங்கேதான் நழுவியிருக்கும்; அவள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. அண்ணி ஸ்டியரிங்கை மயிரிழை திருத்தினாள். கட்டெறும்பு நடுக்கோட்டைக் கவ்விக்கொண்டது. அதன் பிறகு அவளுக்குப் பயம் இல்லை. விரலை அடி மட்டத்துக்கு அழுத்தினாள்.

வலது முனையில் கார் நின்றதும் கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். வாக்கிடாக்கி அவரிடம் இல்லை, நடந்தே வந்தார். முந்நூற்றைம்பது மீட்டரையும் அவசரமில்லாமல் நடந்து வந்து, அண்ணியிடம் கருவியை நீட்டினார்.

“இருநூத்தி முப்பத்தொன்பது. சராசரி முப்பத்தாறு.” கை கொடுத்தார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

பதிவேட்டில் அது ஏறியது. தச்சர் கைதட்டினார், இதய டாக்டர் கட்டெறும்பின் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். லிஃப்ட்காரர் கொடியை மடிக்க மறந்து தூக்கிப் பிடித்தபடியே ஓடிவந்துகொண்டிருந்தார். அண்ணி ரிமோட்டைப் பாப்பாவிடம் கொடுக்கக் கையை நீட்டினாள்.

திரும்பிப் பார்த்தால் பாப்பா இல்லை.

அவள் ஓடுபாதையின் ஓரத்தில் தனியாக நின்றாள். கையில் போன்.

“நீ சொன்னது பலிச்சுது. எங்க பார்க்கணும்னு சொன்னியே” என்று ஆரம்பித்த அண்ணி அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“அண்ணி, போன மாசம் எங்க துறைமுக யார்டுல பெட்டி அடுக்கு ஒண்ணு சரிஞ்சுது. சொன்னேன்ல?”

“சொன்னே. யாருக்கும் அடி படலன்னே.”

“படல. ரெண்டு பெட்டி நசுங்கிச்சு. அன்னைக்கு ரேடியோ வேலை செய்யல, கை சிக்னல்தான். கீழ நிக்கற சிக்னல்காரர் நிறுத்தச் சொல்லிக் கையே காட்டலைன்னு நான் எழுதிக் குடுத்தேன். அவர் காட்டினேன் காட்டினேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டார். யாரும் நம்பல. நானும் நம்பல. எனக்கு அது தெரியவே இல்லையே அண்ணி, அதான் சத்தியமா காட்டலைன்னு நெனச்சேன்.”

“அவர் எந்தப் பக்கம் நிப்பார்?”

“இடப்பக்கம்.”

ஓடிவந்த லிஃப்ட்காரர் மூச்சிரைக்க அவர்கள் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

பாப்பா எண்ணை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையும் யார்டில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். ஒலிபெருக்கியைப் போட்டாள், இவர்களும் கேட்கட்டும் என்று.

“சார், நாளைக்குச் சிக்னல்காரர் மேல விசாரணை இருக்குல்ல? நானும் வரணும்.”

“நீ எதுக்கும்மா? உன் வாக்குமூலம்தான் ஏற்கனவே எழுதியாச்சே.”

“அதை மாத்தணும் சார். எனக்கு இடது கண்ணு தெரியல. நாலு மாசமா. அவர் கை காட்டியிருப்பார், எனக்குத்தான் தெரிஞ்சிருக்காது.”

அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இதைச் சொன்னா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். டாக்டர் சொல்ற வரைக்கும் கூண்டுல ஏறவும் மாட்டேன். அதையும் எழுதிக்கங்க.”

“எழுதிக்கறேன். ஆனா விசாரணை நடக்காதும்மா. அவர் இன்னைக்குக் காலையில வந்து வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். செய்யாத தப்புக்குக் கைகட்டி நிக்க முடியாதுன்னார். சாயங்காலம் நாலு மணி ரயில்ல மக வீட்டுக்குப் போறாராம், திரும்ப வர்றதா இல்லையாம். கடிதம் என் மேஜை மேலதான் இருக்கு. நாளைக்குக் காலையில மேல அனுப்பணும்.”

“அனுப்பாதீங்க சார். அவரே வந்து திருப்பி வாங்கிப்பார்.”

“அவர் போனை அணைச்சு வெச்சிருக்கார்.”

“நேர்ல போறேன்.”

பாப்பா போனை வைத்தாள். மணி இரண்டே கால். லிஃப்ட்காரர் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக ஒரு பொம்மைக் கார் நிற்குமா நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த தன் கண்ணுக்கு, இது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவர் யோசித்திருக்க வேண்டும். கேட்டது வேறு.

“பாப்பா, இப்ப அந்தக் கண்ணு வலிக்குதா?”

“இல்ல அண்ணா.”

“சரி. ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒண்ணரை மணி நேரம். ஞாயித்துக்கிழமைங்கறதால கொஞ்சம் முன்னப்பின்ன.”

அதற்குள் அண்ணி கட்டெறும்பை அது இருந்த நிலையிலேயே அள்ளிப் பின் சீட்டில் போட்டிருந்தாள். பேட்டரியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, பதிவேட்டுப் பெண்மணியிடம் சான்றிதழ் பிறகு வாங்கிக்கொள்வதாகக் கை அசைத்துவிட்டு வந்தாள். வேன் மண் பாதையில் குலுங்கிக் கிளம்பியது.

“அவர்கிட்ட என்ன சொல்லப் போறே?” என்றாள் அண்ணி.

பாப்பா முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கூண்டில் ஏறும்போது இருக்கும் நிதானம் அவள் குரலில் இருந்தது.

“நீங்க கை காட்டினீங்கன்னு சொல்லுவேன். அதைக் கேக்கத்தான் அவர் ஒரு மாசமா காத்துட்டிருந்தார்.”

சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் இரண்டு வரிசை வாகனங்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. லிஃப்ட்காரர் பிரேக்கை மிதித்தார். மணி இரண்டு முப்பத்தைந்து.